எட்டு அடி

இந்தக் கதையில் வரும் குரு காவி கட்டியவர் அல்ல, பச்சை அறுவை அங்கி போட்டவர். டாக்டர் மங்கையர்க்கரசி. வயது ஐம்பத்தேழு. வளரும் பிள்ளைகளின் இடுப்பு என்றால் நாலு மாவட்டத்திலிருந்தும் அவரிடம்தான் வருவார்கள்.

சீடர் என்றதும் பொடியன் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர் குலசேகரனுக்கு நாற்பத்துமூன்று வயது, பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம். ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு, ஒரு வருடம் கூட இருந்து இடுப்பு வைத்தியம் கற்றுக்கொள்ள வந்தவர். வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அந்த ஒன்பது மாதத்தில் அவர் இடுப்பை எவ்வளவு கற்றுக்கொண்டார் என்பது போகப் போகத் தெரியும். பொறாமையை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்.

இன்னொரு டாக்டரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆறுதலாவது தேடிக்கொள்ளலாம். இவருடைய வயிற்றெரிச்சல் எக்ஸ்ரே எடுக்கும் தேவசகாயத்தைப் பார்த்து. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

தேவசகாயத்துக்கு முப்பத்தெட்டு வயது. சாய்ந்து சாய்ந்து நடப்பார். அதிகம் பேசமாட்டார். காலை ஏழு நாற்பதுக்கு டாக்டரம்மாவின் கார் வரும்போது வாசலில் நின்றிருப்பார். அங்கிருந்து எக்ஸ்ரே அறை கூப்பிடு தூரம்தான். மற்றவர்களை ஓட ஓடப் பின்னால் வரவைக்கும் அந்த அம்மா, தேவசகாயத்தோடு மட்டும் அவர் வேகத்துக்கே நடப்பார். இருவரும் எக்ஸ்ரே அறைக்குள் போய் ஆளுக்கொரு டம்ளர் காபி குடிப்பார்கள். பன்னிரண்டு நிமிடம் ஆகும். குலசேகரன் மாடி சன்னலில் நின்று கடிகாரம் பார்த்திருக்கிறார். அவருக்கு அந்த அம்மா சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் கொடுத்ததில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இடுப்பு நழுவிய பிள்ளை எது வந்தாலும் அம்மா முதலில் எக்ஸ்ரே அறைக்குத்தான் போவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேவசகாயத்திடம் ஏதோ கேட்பார். அவர் ஏதோ சொல்வார். அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, அறுவை என்றைக்கு, எப்படி என்று உத்தரவு போட்டுவிடுவார். என்ன கேட்டார், என்ன சொன்னார் என்பது வெளியே நிற்கும் குலசேகரனுக்குக் கேட்காது. கேட்காததாலேயே அது பெரிய பேச்சாக அவருக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு நாள் தன்ஷிகா வந்தாள்.

பன்னிரண்டு வயது, நிலக்கோட்டைப் பக்கம். வயதுக்கு மீறிய கனம். இரண்டு மாதமாக முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். முழங்காலை இரண்டு தடவை படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முந்தின நாள் பள்ளிக்கூடப் படியில் கால் வழுக்கியதிலிருந்து வலி கூடிவிட்டது. அம்மா சுகந்தியின் தோளைப் பிடித்தபடி, ஒரு பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்க, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நடந்தே வந்தாள். குலசேகரன் அதைத் தன் கண்ணால் பார்த்தார்.

தொடையை மெல்ல மடக்கிப் பார்த்தார். அது நேராக மடங்காமல் வெளியே ஒதுங்கிக்கொண்டு போயிற்று. வலி முழங்காலில் தெரிந்தாலும் கோளாறு இடுப்பில்தான் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை.

இந்த வியாதி புரிவதற்குப் பானையும் மூடியும் போதும். தொடை எலும்பின் தலையில் ஒரு பந்து, அதற்குக் கீழே கழுத்து. வளரும் வயதில் இரண்டுக்கும் நடுவே ஒரு குருத்து இருக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் பந்து, பானை மேல் மூடி விலகுவது மாதிரி விலகிவிடும். விலகினாலும் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் நிலையானது. அவசரமில்லை, ஒரு திருகாணி போட்டு நிறுத்திவிடலாம். தொட்டால் ஆடுகிற மூடி என்றால் நிலையற்றது. ஆடும்போது பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அறுந்தால் பந்து செத்துவிடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டல்தான்.

எது நிலையானது, எது நிலையற்றது என்று கண்டுபிடிக்கப் புத்தகத்தில் ஒரே விதி. பிள்ளை நடந்தால், கட்டையை ஊன்றியாவது நடந்தால், நிலையானது. நடக்கவே முடியாவிட்டால் நிலையற்றது. குலசேகரன் படித்த கல்லூரியில் அதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். எட்டு அடி நடக்க வைப்பார்கள். எட்டும் நடந்துவிட்டால் நிலையானது என்று எழுதுவார்கள்.

குலசேகரன் கேஸ் ஷீட்டில் ‘நிலையானது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எக்ஸ்ரேக்கு அனுப்பினார்.

படம் வந்தபோது எரிச்சல் வந்தது. பக்கவாட்டுப் படம் மங்கல். தவளை மாதிரி இரண்டு காலையும் மடக்கி விரித்து எடுத்தால் பளிச்சென்று விழுந்திருக்கும். தேவசகாயம் வலிக்கிற காலைத் தொடாமல், நல்ல காலை மட்டும் தூக்கித் தாங்கலில் வைத்து எடுத்திருந்தார். அந்தக் கனத்துக்கு அப்படி எடுத்தால் புகைதான் தெரியும். திரும்ப எடுக்கச் சொன்னார் குலசேகரன். மாட்டேன் என்று தேவசகாயம் சொல்லவில்லை. அம்மா பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றார். மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

படத்தின் உறை மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக ஒரே வார்த்தை எழுதியிருந்தது. ‘ஸ்ட்ரெச்சர்.’

டாக்டரம்மா ஒன்பது மணிக்கு எக்ஸ்ரே அறைப் பக்கம் வந்து உறையைப் பார்த்தார், உள்ளே இருந்த படத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் வழக்கம் போல ஏதோ கேட்டார், தேவசகாயம் வழக்கம் போல ஏதோ சொன்னார். வெளியே வந்த அம்மா, பிள்ளையைக் கட்டிலை விட்டு இறக்கக் கூடாது, காலையில் இட்லி சாப்பிட்டிருக்கிறாள், அதனால் மூன்று மணிக்கு அறுவை, இன்றைக்கே, என்றார். குலசேகரன் எழுதிய தாளை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கை முறிந்த இன்னொரு குழந்தைக்காக அறுவை அறைக்குப் போய்விட்டார்.

குலசேகரனுக்குக் காது மடல் சுட்டது. மூன்று பட்டம் எழுதிய எழுத்தை ஒரு ஸ்கெட்ச் பேனா அழித்துவிட்டது. இந்த அம்மாவிடம் இன்னும் மூன்று வருடம் கிடந்தாலும் அந்த ஆள் இருக்கும் இடத்துக்குத் தான் வரப்போவதில்லை என்று தோன்றியது. அவருக்குப் பிள்ளையின் இடுப்பு கண்ணில் இல்லை. தேவசகாயம் சொன்னது தப்பு என்று ஒரே ஒரு தடவை, நாலு பேர் பார்க்க, அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு வார்டுக்குப் போனார். போகும்போது ஒரு வாக்கரை எடுத்துக்கொண்டார். சாட்சிக்கு நர்சைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். கட்டிலிலிருந்து சன்னல் சரியாக எட்டு அடி.

நடந்து காட்டுகிறாயா என்று தன்ஷிகாவைக் கேட்டார். அவள் உடனே எழுந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் குண்டு, குண்டு என்று கேட்டுக் கேட்டு, எதைச் செய்யச் சொன்னாலும் முதல் ஆளாக எழுந்து நிற்பது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. வலிக்கிறதா என்றதற்குக்கூட இல்லை என்றுதான் சொன்னாள். சுகந்திக்கும் சந்தோஷம். டாக்டர் நடக்கச் சொல்கிறார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்.

“எட்டே அடி,” என்றார் குலசேகரன். “நீயே வாய்விட்டு எண்ணிக்கிட்டு வா. சிஸ்டருக்கும் கேக்கட்டும்.”

வார்டு வாசலில் ஏதோ விழுந்தது. தேவசகாயம் கையிலிருந்த உறைகளைக் கீழே போட்டுவிட்டு, தன்னால் முடிந்த வேகத்தில் வந்துகொண்டிருந்தார். வந்தவர் வாக்கரின் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் சார்.”

“ஏன் வேண்டாம்? காரணம் சொல்லுங்க.”

தேவசகாயம் காரணம் சொல்லவில்லை. அம்மா வரட்டும் என்றார்.

“உனக்கு எல்லாத்துக்கும் அம்மாதான் வரணுமா? நான் டாக்டரா, நீ டாக்டரா?”

ஒன்பது மாதமாக ‘நீங்க’ என்று கூப்பிட்ட வாயில் ‘நீ’ வந்துவிட்டது. தேவசகாயம் கம்பியை விடவில்லை. குலசேகரன் இழுத்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர்கள் சண்டை போடுவது தன்னால்தான் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். வாக்கர் இல்லாமலே நடந்துவிடுகிறேன் என்று சொல்லி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். தரைக்கும் பாதத்துக்கும் ஒரு சாண் இருந்தது.

“தன்ஷிகா, படும்மா.”

டாக்டரம்மா வாசலில் நின்றிருந்தார். குரல் ஒன்றும் உயரவில்லை. நேராக வந்து, குனிந்து, இரண்டு காலையும் தாமே ஏந்திக் கட்டில் மேல் வைத்தார். வலது காலுக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தார். குலசேகரனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவசகாயத்தின் கையிலிருந்து வாக்கரை மெதுவாக வாங்கி நர்சிடம் கொடுத்து, உள்ளே வைக்கச் சொன்னார். பிறகு சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அறுவையைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.

திட்டியிருந்தால் குலசேகரன் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார்.

மூன்று மணிக்கு அறுவை. குலசேகரனையும் கூட நிற்கச் சொன்னார் அம்மா. மயக்கம் கொடுத்து, காலை நோகாமல் நேராக்கி வைத்தார்கள். எக்ஸ்ரே கருவியின் திரையில் எலும்பு தெரிந்தது. அம்மா கம்பியைச் செலுத்தும் முன்னால் காலைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், உள்பக்கம் திருப்பினார். குலசேகரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பந்தும் கழுத்தும் சேர்ந்தே திரும்பின. நடுவில் ஒரு மயிரிழை அசைவில்லை. இன்னொரு கோணத்திலும் பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது.

நிலையானது.

முகக்கவசத்துக்குள் குலசேகரன் சிரித்தார். ஒன்பது மாத எரிச்சலும் அடங்கின மாதிரி இருந்தது. திருகாணி போய் உட்கார்ந்தது, தையல் போட்டார்கள், எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மயக்கம் தெளிந்த தன்ஷிகா முதலில் கேட்டது குலசேகரனைத்தான். அந்த எட்டு அடியை எப்போது நடந்து காட்ட வேண்டும் என்று கேட்டாள். ஆறு வாரம் போகட்டும் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் வெளியே வந்தார்.

டாக்டரம்மா வராந்தாவில் கை துடைத்துக்கொண்டு நின்றார். வராந்தாவின் அந்தக் கோடியில் எக்ஸ்ரே அறை.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“நான் எழுதினது நிலையானதுன்னு. திரையில பாத்தோம். நிலையானதுதான்.”

“ஆமா. நீங்க எழுதினது சரி.”

இவ்வளவு சுலபமாக அது கைக்குக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கிடைத்தும் போதவில்லை. மனதில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. சரியாக எழுதியவன் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, தப்பாக எழுதியவர் உறைக்கு அவ்வளவு மரியாதை, அது ஏன் என்றார். காலையில் நடக்கும் நடையைச் சொன்னார், காபியைச் சொன்னார், பன்னிரண்டு நிமிடத்தையும் சொன்னார். சொல்லச் சொல்லத் தனக்கே வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

“அந்த ரூமுக்குள்ள அவர்கிட்ட என்னதான் கேப்பீங்க மேடம்?”

“பிள்ளையைத் தானா மேஜையில ஏறி இறங்க விடலையேன்னு கேப்பேன். விடலம்மான்னு சொல்வார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“பின்ன அந்தப் படத்தைப் பாத்து நிலையற்றதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சார்?”

“அவர் எங்க கண்டுபிடிச்சார்? நடந்து வந்த பிள்ளை, தூக்கிட்டு வந்த பிள்ளை, எல்லா உறையிலயும் அந்த ஒரே வார்த்தையைத்தான் எழுதுவார். பதினாறு வருஷமா எழுதறார்.”

அம்மா எக்ஸ்ரே அறைப் பக்கம் திரும்பி, அறுவை முடிந்ததும் எடுத்த புதுப் படத்தைக் கொண்டு வரும்படி தேவசகாயத்தைக் கூப்பிட்டார். அவர் உறையோடு வெளியே வந்து வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார்.

“ஒன்பது மாசமா அவரைக் கடிகாரத்தை வெச்சுப் பாத்திருக்கீங்க,” என்றார் அம்மா. “இப்ப டாக்டராப் பாருங்க.”

குலசேகரன் பார்த்தார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வலது பக்கம் சாய்ந்து எழுந்தது. வலது கால் குட்டை. பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. தொடை மடங்கவில்லை, இடுப்போடு சேர்ந்து முழுசாக முன்னால் வந்தது. காலையில் இதே மாதிரி திரும்பிய பாதம் ஒன்றைத்தான் அவர் கையில் பிடித்துப் பார்த்திருந்தார். தினமும் சன்னலிலிருந்து பார்த்த நடை. ஒரு தடவைகூட அதில் இடுப்பை அவர் பார்த்ததில்லை.

“என்ன சொல்றீங்க?”

“வலது இடுப்பு. சின்ன வயசுல பந்து நழுவியிருக்கு.” குரல் தாழ்ந்துவிட்டது. “பந்து செத்துப்போச்சு. யாரோ அசைச்சிருக்காங்க மேடம். எந்த முட்டாள் பாத்தது?”

“நான்தான்.”

தேவசகாயம் பாதி தூரம் வந்திருந்தார். அவர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று அம்மா சொன்னார்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், குலசேகரன் பிறகு படித்த அதே கல்லூரி. அம்மா அப்போது உதவி டாக்டர். கூட இன்னொரு உதவி டாக்டர் இருந்தார். பெரிய டாக்டர் எதுவானாலும் முதலில் அவரைத்தான் கேட்பார், மங்கையர்க்கரசியைக் கேட்பதில்லை. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் முழங்கால் வலி என்று வந்தான். அந்த இன்னொருவர் நிலையற்றது என்று எழுதினார், படுக்க வைக்கச் சொன்னார். மங்கையர்க்கரசி நிலையானது என்று எழுதினார். பெரிய டாக்டர் இவர் எழுதியதைப் படிக்கவே இல்லை.

“எனக்கு வயிறு எரிஞ்சுது. அவர் சாப்பிடப் போன நேரம் பாத்து வார்டுக்குப் போனேன். சாட்சிக்கு நர்ஸ் வேணுமில்ல? அதனால வாய்விட்டு எண்ணிக்கிட்டே நடன்னு சொன்னேன். நல்ல பையன். எட்டு அடிதானேக்கான்னு சிரிச்சுக்கிட்டே எறங்கினான்.”

“மேடம்...”

“ஏழுன்னு சொன்னான். எட்டு சொல்லல.”

தேவசகாயம் பக்கத்தில் வந்துவிட்டார். உறையை அம்மாவிடம் கொடுத்தார். பாப்பா தண்ணீர் கேட்கிறாள், கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கலாம், இரண்டு ஸ்பூன், தலையைத் தூக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார் அம்மா. சரிம்மா என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி வார்டுப் பக்கம் நடந்தார். காலையில் நடந்தது எதுவும் அவர் முகத்தில் இல்லை.

அந்த முதுகு கதவுக்குள் மறையும் வரை குலசேகரன் பார்த்துக்கொண்டே நின்றார். தேற்றுவது மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். கடைசியில் டாக்டருக்குத் தெரிந்த பேச்சுதான் வாயில் வந்தது.

“அப்ப, அந்த இன்னொருத்தர் எழுதினதுதான் சரி. ஆடுற இடுப்புதான் அது. நீங்கதான் தப்பா எழுதிட்டீங்க, இல்லையா மேடம்?”

“இல்ல, குலசேகரன். ஏழாவது அடி வரைக்கும் நான் எழுதினதுதான் சரி.”